மொட்டை மாடி சாவியும் ரெண்டு பக்கெட்டும்: எங்க அப்பார்ட்மென்ட் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் செகரட்டரி சார், பிரெசிடென்ட் மேடம், கமிட்டில இருக்கிற எல்லாருக்கும், அப்புறம் நம்ம பில்டிங்ல குடியிருக்கிற 48 வீட்டுக்காரங்களுக்கும்.

போன செவ்வாய்க்கிழமை காலைல ஆறே முக்கால் இருக்கும், பால் வாங்க கீழ வந்தேன். பின்பக்கம் குப்பைத்தொட்டி வைக்கிற இடத்துல நம்ம ஹவுஸ்கீப்பிங் அக்கா தனியா உக்காந்து முந்தானையால ஒரு கையை இறுக்கிப் பிடிச்சிட்டு இருந்தாங்க. என்னாச்சுக்கான்னு கேட்டா "ஒண்ணுமில்லம்மா, பிளேடு"ன்னாங்க. முந்தானை நனையுற அளவுக்கு ரத்தம். நம்மள்ல யாரோ ஷேவிங் பிளேடை பழைய சாம்பார் சாதத்தோடயும் டயப்பரோடயும் சேர்த்து ஒரே கருப்பு கவர்ல கட்டிப் போட்டிருக்காங்க, கார்ப்பரேஷன் வண்டி வர்றதுக்குள்ள மக்குற குப்பை மக்காத குப்பைன்னு பிரிச்சு வைக்கணுமேன்னு அக்கா அந்தக் கவரைக் கையாலேயே கிழிச்சிருக்காங்க. கிளவுஸ் எங்கன்னு கேட்டேன், கொடுத்தது கிழிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சாம். கையைக் கழுவி துணி கட்டி, டிடி ஊசி போட கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். வந்து உக்காந்து எழுத ஆரம்பிச்சதுதான் இந்த மடல்.

யார் வீட்டு பிளேடுன்னு கண்டுபிடிக்கிறதுக்காக இதை எழுதல. மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் என் வீட்டுலயும் எல்லாமே ஒரே கவர்தான். காலைல பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பி ஆபீஸுக்கு ஓடுற அவசரத்துல எது எங்க போகுதுன்னு யார் பாக்குறாங்க. ஆனா இந்த மூணு வருஷத்துல எனக்கு ஒரு விஷயம் நல்லா புரிஞ்சிருக்கு, அதைச் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். நம்ம வீடுகள்ல யாருக்கும் அக்கறை இல்லாம இல்ல. பக்கெட் எங்க வச்சிருக்கு, சாவி யார்கிட்ட இருக்கு, கீழ எத்தனை தொட்டி நிக்குதுங்கிறதுலதான் பழக்கம் வருதா வரலையாங்கிறது இருக்கு. வீட்டுக்குள்ள இருக்கிற பக்கெட்டை நாங்க பாத்துக்குறோம், கீழ இருக்கிற தொட்டியும் மாடி சாவியும் உங்க கைல இருக்கு.

முதல்ல குப்பை. நம்ம வேளச்சேரி குப்பை எங்க போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும், பெருங்குடி குப்பைக் கிடங்கு. இங்கேருந்து வண்டில போனா கொஞ்ச நேரம்தான். வடசென்னை குப்பை கொடுங்கையூருக்கு, தென்சென்னை குப்பை பெருங்குடிக்கு, பல வருஷமா இப்படித்தான் போயிட்டு இருக்கு. 2022 ஏப்ரல் கடைசில அந்தக் கிடங்கு பத்தி எரிஞ்சதே ஞாபகம் இருக்கா, நாள் கணக்கா புகை, நம்ம பால்கனி கதவை ஒருத்தரும் திறக்கல, மூணாவது மாடில இருக்கிற பெரியவருக்கு வீசிங் வந்து நெபுலைசர் வச்சாங்க. அங்க எரிஞ்சதுல நம்ம வீட்டு சாப்பாடும் காய்கறித் தோலும் இருந்துச்சுங்க. ஈரக்குப்பை காத்துப் படாம மலை மாதிரி குவிஞ்சு கிடந்தா உள்ளுக்குள்ள அழுகி மீத்தேன் வரும், அது தீப்பிடிக்கிற வாயு, பூமியைச் சூடாக்குறதுல கார்பன் டை ஆக்ஸைடை விட பல மடங்கு மோசம். அதே கிடங்கை ஒட்டித்தான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கு, பூநாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்குற இடம், அதே 2022லதான் அதுக்கு உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்ங்கிற ராம்சர் அங்கீகாரமும் கிடைச்சுது. மழைத்தண்ணி நம்ம ஏரியாவை விட்டு இறங்கிப் போறதும் அந்தச் சதுப்பு வழியாத்தான். 2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல் அப்பவும் நம்ம பார்க்கிங்ல இடுப்பளவு தண்ணி நின்னுச்சு, அப்போ லிஃப்ட் மோட்டார் மாத்த எவ்ளோ செலவாச்சுன்னு என்னை விட செகரட்டரி சாருக்கு நல்லா தெரியும். சதுப்பை குப்பையால நிரப்பினா தண்ணி வேற எங்கதான் போகும்?

சரி, எவ்ளோ குப்பைதான் போடுறோம்னு தெரிஞ்சுக்க ஒரு மாசம் சமையலறை தராசுல எடை போட்டுப் பாத்தேன். நாலு பேர் இருக்கிற எங்க வீட்டுல காய்கறித் தோல், பழத்தோல், டீத்தூள், மிஞ்சுன சோறுன்னு ஈரக்குப்பை மட்டும் ஒரு நாளைக்கு சராசரியா 700 கிராம் வந்துச்சு. 48 வீட்டுலயும் இதே அளவுன்னு வச்சுக்கிட்டா தினமும் 33 கிலோவுக்கு மேல, மாசம் ஒரு டன். ஒரு டன் ஈரக்குப்பையை ஒவ்வொரு மாசமும் டீசல் போட்டு ஏத்திட்டுப் போய் ஒரு சதுப்பு நிலத்துக்குப் பக்கத்துல கொட்டுறோம். அந்தக் கணக்கு எழுதுன நோட்டை மூடி வச்சதுக்கு அப்புறம் எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்ல.

எங்க அம்மா வீடு மன்னார்குடி பக்கம். அங்க குப்பைத்தொட்டின்னே ஒண்ணு கிடையாது. அரிசி களைஞ்ச தண்ணி, காய் நறுக்குன தோல், வடிச்ச கஞ்சி எல்லாம் கழனிப்பானைக்குப் போகும், சாயங்காலம் மாட்டுக்கு வைப்பாங்க, மிச்சம் மீதி கொல்லையில குப்பைக்குழிக்கு, தை மாசத்துக்கு அப்புறம் அந்தக் குழி எரு வயலுக்குப் போயிடும். அம்மாவுக்கு கம்போஸ்ட்ங்கிற வார்த்தையே தெரியாது. நம்ம பில்டிங்ல மாடும் இல்ல கொல்லையும் இல்ல, ஆனா பானை வைக்க இடம் இருக்கு.

நான் செய்யுறதை அப்படியே சொல்லிடுறேன், வேணும்ங்கிறவங்க நாளைக்கே ஆரம்பிக்கலாம். பெயின்ட் அடிச்சு மிஞ்சுன 20 லிட்டர் வாளி ரெண்டு, நல்லா கழுவிட்டு பக்கவாட்டுலயும் அடியிலயும் ஆணியைச் சூடு பண்ணி ஓட்டை போட்டேன், அடியில ஒரு பழைய தட்டு. முதல்ல ஒரு விரல் அளவு காய்ஞ்ச இலை. நம்ம வாசல்ல நிக்கிற நாட்டு பாதாம் மரம் கொட்டுற சருகு இருக்கே, தினமும் பெருக்கி கவர்ல கட்டிப் போடுறோமே, அதேதான், கொஞ்சம் நொறுக்கிப் போடணும். அதுக்கு மேல அன்னைக்கு வந்த தோல், மறுபடி அதே அளவு சருகு. முதல் வாரம் ஒரு டம்ளர் புளிச்ச மோர் தெளிச்சேன். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை குச்சியால கிளறி விடணும், காத்துப் படணும். டீத்தூளை சர்க்கரை போக ஒரு தடவை அலசிப் போட்டா எறும்பு வராது, முட்டை ஓட்டை பொடிச்சுப் போடலாம், மீன் முள்ளும் கறியும் பழகுற வரைக்கும் வேண்டாம், தேங்காய் சிரட்டை சீக்கிரம் மக்காது அதை விட்டுடலாம்.

ரெண்டாவது வாரம் புழு வந்துச்சு. பயந்துட்டேன், எடுத்துட்டுப் போய் கொட்டிடலாமான்னு கூட நினைச்சேன். எங்க மாமியார்தான் "ஈரம் ஜாஸ்தியாயிடுச்சு, காஞ்சதைப் போடு"ன்னாங்க, அவ்ளோதான், ரெண்டு கை சருகு, ஒரு கை தேங்காய் நார்த்தூள், நாலே நாள்ல சரியாயிடுச்சு. வாடை வந்தாலும் இதேதான் வைத்தியம். வாளி நிறைஞ்சதும் மூடி ஓரமா வச்சிட்டு அடுத்த வாளியை ஆரம்பிச்சேன். நாப்பத்தஞ்சு நாள் கழிச்சு திறந்து பாத்தா தோலும் இல்ல சோறும் இல்ல, கருப்பா, உதிரி உதிரியா, கைல அள்ளினா முதல் மழை பெஞ்ச மண்ணு மாதிரி ஒரு வாசனை. ஒரு வாளி நிறைய போட்டது கால் வாளியா சுருங்கியிருந்துச்சு. என் சின்ன பையன் அதுக்குள்ள கையை விட்டு ஒரு தக்காளி விதை முளைச்சிருக்கிறதைக் காட்டினான். அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

இப்போ பிரச்சனைக்கு வர்றேன். நான் பிரிச்சு வச்சாலும் நம்ம பில்டிங்ல கீழ ஒரே ஒரு பெரிய தொட்டிதான் இருக்கு. பிரிச்சதை எல்லாம் கொண்டு போய் அதுலதான் கொட்டணும். அப்புறம் யாருக்குங்க பிரிக்க மனசு வரும்? 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே வீட்டுக்காரங்க மக்குறது, மக்காதது, ஆபத்தான வீட்டுக்கழிவுன்னு மூணா பிரிச்சுத்தான் கொடுக்கணும்னு எழுதியிருந்தாங்க. பிரிக்கிற வேலை நம்மளோடது, அக்காவோடது இல்ல. தயவு செஞ்சு பச்சையில ஒண்ணு நீலத்துல ஒண்ணுன்னு ரெண்டு தொட்டி, அது பக்கத்துல பிளேடு, உடைஞ்ச கண்ணாடி, டியூப்லைட், பேட்டரி, காலாவதியான மாத்திரை போட ஒரு மூடி வச்ச டப்பா, இவ்ளோதான் கேக்குறேன். நாப்கினும் டயப்பரும் நியூஸ்பேப்பர்ல சுத்தி சிவப்பு மார்க்கர்ல ஒரு பொட்டு வச்சுக் கொடுத்தா எடுக்கிறவங்களுக்குப் பிரிச்சுப் பாக்காமலே தெரியும். பச்சைத் தொட்டிக்கு கருப்பு கவர் வேண்டாம், அடியில பேப்பர் விரிச்சா போதும். அக்காவுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் கிளவுஸ், மெயின்டனன்ஸ் கணக்குல இது ஒரு தொகையே இல்ல.

பால் கவர் பத்தி ஒரு வார்த்தை. ஓரத்தை வெட்டும்போது அந்த முக்கோணத் துண்டை முழுசா வெட்டி எடுக்காம ஒட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி வெட்டுங்க. தனியா வெட்டி எடுத்த துண்டு சாக்கடைக்குத்தான் போகும், யாராலயும் பொறுக்க முடியாது. கவரை அலசி சிங்க்குக்கு மேல கவுத்து காய வச்சு சேத்து வச்சீங்கன்னா பழைய பேப்பர்காரர் எடை போட்டு எடுத்துக்கிறார்.

அடுத்து தண்ணி. 2019 கோடையை மறந்துட்டோம்ங்கிறதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, ஜூலைல ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வில்லிவாக்கத்துக்கு வந்து இறங்குச்சு, டிவில பாத்துட்டு உக்காந்திருந்தோம். அந்த மாசங்கள்ல நம்ம பில்டிங்ல காலைல ஒரு மணி நேரம் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் தண்ணி. அப்போ ஒருத்தருமே ஷவரைத் திறக்கல, ஒரு பக்கெட்ல குளிச்சோம், துணி துவைச்ச தண்ணில பாத்ரூம் கழுவுனோம், தண்ணி கம்மியா வர்றதுக்கு குழாய்க்கெல்லாம் ஏரேட்டர் மாட்டுனோம். யாரும் செத்துப் போகல, நாறிப் போகல. அந்த வருஷம் கடைசில மழை வந்துச்சு, ஏரிக்குத் தண்ணி வந்துச்சு, ஏரேட்டரைக் கழட்டிட்டோம்.

பார்க்கிங்ல லிஃப்ட் பக்கத்துக் குழாய் ஒண்ணு சொட்டிட்டே இருக்கு, தீபாவளிக்கு முன்னாடியிலிருந்து. ஒரு ராத்திரி பத்து மணிக்கு அதுக்கு அடியில பக்கெட் வச்சிட்டு காலைல ஆறு மணிக்குப் பாத்தேன், அரை பக்கெட் நிறைஞ்சிருக்கு. ஒரு வாஷர் மாத்துற வேலை. கார் கழுவுறவங்க ஹோஸ் பைப்பைத் திறந்து விட்டுட்டு மூணாவது காருக்குப் போறாங்க, ஒரு பக்கெட்டும் துணியும் இருந்தா ஒரு கார் தாராளமா கழுவலாம், இதை நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க, கமிட்டி சொன்னா கேப்பாங்க.

ஆர்ஓ மெஷின் இன்னொண்ணு. ஒரு லிட்டர் குடிதண்ணி எடுக்க ரெண்டு மூணு லிட்டர் தண்ணி சிங்க் வழியா போயிடுது. எங்க வீட்டுல அந்த டியூபை ஒரு பக்கெட்ல விட்டுட்டோம், வீடு துடைக்க, பாத்ரூம் ஊத்த அந்தத் தண்ணிதான், உப்பு ஜாஸ்திங்கிறதால செடிக்கு மட்டும் ஊத்துறதில்ல. ஆனா உண்மைல எல்லா வீட்டுக்கும் ஆர்ஓ தேவையான்னே எனக்குத் தெரியணும். குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவுல டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கிற உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம்னு இருக்கு. நம்ம சம்ப்ல மெட்ரோ வாட்டரும் போர்வெல் தண்ணியும் கலந்துதான் வருது, அதோட டிடிஎஸ் எவ்ளோன்னு மாசம் ஒரு தடவை பாத்து நோட்டீஸ் போர்டுல எழுதிப் போட்டா, அதைப் பாத்துட்டு கிருமிக்கு யூவி ஃபில்டரோ காய்ச்சுறதோ போதுமா ஆர்ஓ வேணுமான்னு அவங்கவங்க முடிவு பண்ணிக்கலாம். பாத்திரம் கழுவுறதுக்கு வேலைக்கு வர்ற அக்காங்களை தண்ணியை வீணாக்குறாங்கன்னு யாரும் குறை சொல்லாதீங்க, குடத்துல புடிச்சு வச்ச தண்ணில வீட்டை ஓட்டுறவங்க அவங்க, நாம ரெண்டு டப் வாங்கிக் கொடுத்தா குழாயைத் திறந்து விட்டுட்டு கழுவவே மாட்டாங்க, எங்க வீட்டுல கேட்டதே அவங்கதான்.

மழைநீர் சேகரிப்பு 2003லயே தமிழ்நாடு முழுக்க கட்டாயம் ஆக்கியாச்சு, நம்ம பில்டிங்லயும் குழி இருக்கு, ஆனா அந்தக் கூழாங்கல்லும் மணலும் கடைசியா எப்போ எடுத்துக் கழுவுனாங்கன்னு வாட்ச்மேன் அண்ணனுக்கே தெரியல. சேறு அடைச்ச குழி இருந்தும் இல்லாத மாதிரிதான். ஐப்பசி மழைக்கு முன்னாடி, செப்டம்பர்லயே ஆள் வச்சு சுத்தம் பண்ணிடணும்.

இப்போ மொட்டை மாடி. இதைத்தான் நான் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். ரெண்டு வருஷமா மாடியைப் பூட்டி வச்சிருக்கோம். குழந்தைங்க ஏறி விளையாடுறாங்க, ஆபத்துன்னு சொன்னீங்க, அந்த பயம் நியாயமானது, நானும் ரெண்டு பிள்ளைங்க வச்சிருக்கேன். ஆனா அப்புறம் என்னாச்சுன்னு பாருங்க. பால்கனில துணி தொங்குனா பில்டிங் அழகு போகுதுன்னு அடுத்த மீட்டிங்லயே அதுக்கும் ரூல் போட்டாச்சு, வேற வழியில்லாம ஒவ்வொரு வீடா டிரையர் வாங்க ஆரம்பிச்சாங்க, எங்க ஃப்ளோர்ல மட்டும் மூணு வீடு. ஹீட்டர் வச்ச டிரையர் ஒரு தடவை ஓடுனா ரெண்டு மூணு யூனிட் போயிடும். சித்திரை வெயில்ல மாடில விரிச்ச பெட்ஷீட் ஒரு மணி நேரத்துல மொறுமொறுன்னு காஞ்சிடும்ங்க, வடகம் பிழிஞ்சு போட்டா ரெண்டு நாள். வெயிலைப் பூட்டி வச்சிட்டு கரன்ட்டுல துணி காய வைக்கிறோம், அதுவும் சென்னைல. காலைல ஏழு மணிலேருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் திறந்து வைங்க, சாவி வாட்ச்மேன் அண்ணன்கிட்ட, நோட்டுல பேர் எழுதிட்டு பெரியவங்க மட்டும் வாங்கிக்கட்டும், நாலு கம்பி கட்ட நாங்க நாலு வீடு சேர்ந்து பணம் போடுறோம்.

கரன்ட் பத்தி நிறைய சொல்ல வேண்டாம், பில்லே சொல்லிடும். ஒரே ஒரு கணக்கு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ஹால்ல ராத்திரி பகல் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 108 யூனிட், அதாவது 2016லேருந்து அரசாங்கம் ஃப்ரீயா தந்துட்டு வந்த 100 யூனிட்டை விட அந்த ஒரு ஃபேனே ஜாஸ்தி கேக்குது. கரன்ட் கம்மியா இழுக்கிற பிஎல்டிசி மோட்டார் ஃபேன்னா 30 வாட்தான். இருக்கிற நல்ல ஃபேனைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்லல, கெட்டுப் போனா அடுத்தது அது வாங்குங்க. ஏசியை 20ல வச்சுட்டு போர்வை போத்துறதுக்குப் பதிலா 26ல வச்சு மேல ஃபேனை மெதுவா ஓட விட்டா போதும். ஏசி டியூபுக்கு அடியில ஒரு பக்கெட் வைங்க, நம்ம ஊர் புழுக்கத்துக்கு ராத்திரில பக்கெட் நிறைய தண்ணி சேருது, துடைக்கிறதுக்கு அது போதும்.

இன்னொண்ணு, போன பொங்கல் விழா. கோலம், உறியடி, சர்க்கரைப் பொங்கல்னு எல்லாமே அழகா இருந்துச்சு, ஏற்பாடு பண்ணவங்களுக்கு நிஜமாவே நன்றி. முடிஞ்சதும் பிளாஸ்டிக் பூச்சு தட்டும் சின்னச் சின்ன தண்ணி பாட்டிலும் மூணு பெரிய பை. அந்தப் பூச்சுத் தட்டெல்லாம் 2019 ஜனவரி 1லேருந்து தமிழ்நாட்டுல தடை. பொங்கலுக்கு வாழை இலையை விட்டா வேற என்னங்க வேணும்? இலை அப்படியே கம்போஸ்ட் வாளிக்குப் போயிடும். ஒவ்வொரு வீட்டுலேருந்தும் ரெண்டு சில்வர் டம்ளர் வந்தா 96 டம்ளர் ஆச்சு, கழுவுறதுக்கு நான் நிக்கிறேன், கூட ரெண்டு பேர் வாங்க.

சார், மேடம், அடுத்த ஜெனரல் பாடி மீட்டிங்ல மாடி சாவியையும் ரெண்டு தொட்டியையும் தீர்மானமா வைக்கணும்னு கேட்டுக்கிறேன், செலவுன்னு யாராவது சொன்னா தொட்டிக்கு முதல் பங்கு என்னோடது. பின்பக்கம் ஜெனரேட்டர் பக்கத்துல ஆறடிக்கு நாலடி இடம் சும்மா கிடக்கு, அங்க எல்லாருக்கும் பொதுவா கம்போஸ்ட் தொட்டி கட்டுனா பானை வைக்க இடமில்லாத வீடுங்களும் அதுல போடலாம், மூணு மாசம் கிளறி விடுற பொறுப்பை நானும் எங்க மாமியாரும் எடுத்துக்கிறோம், அக்கா தலைல அந்த வேலையைப் போட மாட்டோம்.

வர்ற சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு கீழ பார்க்கிங்ல எங்க வீட்டு கம்போஸ்ட் வாளி ஒண்ணைத் திறக்கப் போறேன். கருவேப்பிலையோ துளசியோ வச்சிருக்கிறவங்க ஒரு பழைய டப்பா கொண்டு வாங்க, ஆளுக்கு ரெண்டு கை உரம் தர்றேன். வரும்போது உங்க வீட்டு பக்கத்துல கிடக்கிற பாதாம் சருகையும் ஒரு பைல அள்ளிட்டு வாங்க, அடுத்த வாளிக்கு ஆகும்.

இப்படிக்கு,
நாலாவது மாடியிலிருந்து ஒரு வீட்டுக்காரி